30 செ.மீ. துணியின் கணக்கு

90 செ.மீ. அகலமுள்ள காடாத் துணியில் 30 செ.மீ. நீளம் வெட்டி எடுத்தால், 5 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துண்டுகள் 108 கிடைக்கும்: அகலவாட்டில் 18, நீளவாட்டில் 6. சலவை நீர் கறையை நீக்குகிறதா, எவ்வளவு செறிவில் எவ்வளவு நீக்குகிறது என்ற சோதனையை 35 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பு முறையாகச் செய்து முடிக்க 105 துண்டுகள் வேண்டும். அதே சோதனையைக் கண்காட்சி மேசையில் காட்ட 2 துண்டுகள் போதும்: ஒன்றை முக்க, மற்றதைப் பக்கத்தில் வைக்க. 105-இல் 2 போக 103. இந்த 103 துண்டுகள் எதற்காக என்பதுதான் இங்கே எழுதும் கணக்கு.

35 என்பது கைக்கு வந்த எண் அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விதிக்கிறது. 35 பேரை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் 7 குழுக்கள். ஒரு குழுவுக்கு 15 துண்டுகள்; 7 × 15 = 105. துண்டுகள் அனைத்தும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய ஒரே தேயிலைச் சாற்றில் ஒன்றாக ஊறி, நிழலில் உலர்ந்தவை.

துணி வெளுப்பதில் நேரம் எப்படிக் குறைந்தது என்பதை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அதுவும் சோதனையால் குறைந்ததே. நம் ஊரில் உவர்மண்ணும் வெள்ளாவியும் வெயிலும் செய்த வேலையை ஐரோப்பாவில் காரச் சாம்பல் நீரும் புளித்த மோரும் புல்வெளி வெயிலும் செய்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் லினன் துணி வெளுக்க 7 முதல் 8 மாதம் ஆனது. அதில் புளித்த மோரில் ஊறும் கட்டம் மட்டும் 6 முதல் 8 வாரம். எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756-இல் துணி வெளுத்தல் பற்றிய தன் சோதனைகளை நூலாக வெளியிட்டார். மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலம் என்பது அவர் சொன்ன மாற்றம். 6 வாரக் கட்டம் 12 முதல் 24 மணி நேரமாகச் சுருங்கியது. மொத்த வேலை 8 மாதத்திலிருந்து 4 மாதமாயிற்று. மாற்றியது ஒரே ஒரு பொருளை.

அடுத்த பாய்ச்சல் 25 ஆண்டுகளில் அடங்கும். 1774-இல் ஷீலே குளோரின் வாயுவைப் பிரித்தெடுத்தார். 1785-இல் பெர்த்தொலே அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். முதல் ஆண்டில் அவருடைய ஆலை செய்தது 52 டன். விலை டன்னுக்கு 140 பவுண்டு. ஆக 7,280 பவுண்டுச் சரக்கு. 1870 வாக்கில் டன் விலை 8 பவுண்டு 10 ஷில்லிங். 71 ஆண்டுகளில் விலை 94 சதவீதம் இறங்கியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையை நினைத்துக்கொண்டு இந்த விலைப் பட்டியலைப் படிக்க வேண்டும். மாதக் கணக்கில் வெயிலும் உழைப்பும் செய்த வேலைக்கு ஒரு தூள் போட்டியாக வந்துவிட்டது.

இனி வகுப்பறை. ஒரு குழுவின் 15 துண்டுகள் 5 வகை நீரில், வகைக்கு 3 வீதம் ஊறும். வெறும் நீர் ஒன்று. கிடைக்கும் குளோரின் 0.25, 0.5, 1.0 சதவீதம் உள்ள நீர் மூன்று. ஐந்தாவது வகைக்குப் பிறகு வருகிறேன். ஒரு டம்ளருக்கு 50 மி.லி. கடையில் வாங்கும் திரவம் 5 சதவீதம் என்றால் 0.25-க்கு 2.5 மி.லி., 0.5-க்கு 5 மி.லி., 1.0-க்கு 10 மி.லி. ஊற்றி, மீதியை நீரால் நிரப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு 17.5 மி.லி.; குழுவுக்கு மூன்று சுற்று 52.5 மி.லி.; வகுப்புக்கு 367.5 மி.லி. திரவத்துக்குப் பதில் 33 சதவீதக் குளோரின் தரும் சலவைத்தூள் வாங்கினால், அதே அளவு குளோரினுக்கு 56 கிராம் போதும்.

"ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர்" என்று குறிப்பேட்டில் எழுதுவது அளவு ஆகாது. சலவைத் திரவம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வலுவிழக்கும். லேபிளில் 5 சதவீதம் என்றிருந்து, கோடை விடுமுறை முழுதும் அலமாரியில் கிடந்து 4 சதவீதமாகியிருந்தால், 10 மி.லி. ஊற்றிய டம்ளரில் இருப்பது 1.0 அல்ல, 0.8 சதவீதம். மாணவர் பிழையே செய்யாமல் 20 சதவீதப் பிழை. இதே சிக்கல் 1790-களில் பிரான்சின் ருவான் நகரத் துணி ஆலைகளுக்கும் இருந்தது. அங்கே தெக்ருவாசில் என்பவர் அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் சலவை நீரை எடுத்து, குறிப்பிட்ட அளவு அவுரி நீலக் கரைசலின் நிறத்தைப் போக்க எத்தனை அளவு செல்கிறது என்று பார்த்து வலுவை அளந்தார். 1795-இல் அதை வெளியிட்டார். 1824-இல் கே-லுசாக் தன் குளோரின் அளவீட்டுக் கட்டுரையில் அந்தக் குழாய்களுக்கு பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களை வழங்கினார். இன்று நம் பிளஸ் டூ மாணவர் 20 மி.லி. பிப்பெட்டில் உறிஞ்சி, பியூரெட்டைத் திருகிச் செய்யும் தரம்பார்த்தல் துணி வெளுக்கும் தொழிலிலிருந்து வந்தது. இதை எந்த ஆய்வகச் சுவரிலாவது எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

ஏன் வகைக்கு 3 துண்டு? ஒன்று போதாதா? சலவை நீருக்கு எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு துண்டுகளில் ஏதோ ஒன்று சற்று வெளுப்பாகத்தான் தெரியும். அது சலவை நீரில் ஊறியதாக இருக்கும் வாய்ப்பு 2-இல் 1, அதாவது 50 சதவீதம். வெறும் நீரில் 2, சலவை நீரில் 2 என்றால், சலவைத் துண்டுகள் இரண்டுமே முதலிடங்களைத் தற்செயலாகப் பிடிக்கும் வாய்ப்பு 6-இல் 1: 16.7 சதவீதம். மூன்றுக்கு மூன்று என்றால் 20-இல் 1: 5 சதவீதம். நான்குக்கு நான்கு என்றால் 70-இல் 1: 1.4 சதவீதம். கடைசி எண்ணுக்கு ஒரு தேநீர் வரலாறு உண்டு. பாலை முதலில் ஊற்றினீர்களா, தேநீரை முதலில் ஊற்றினீர்களா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்று ஒரு பெண்மணி சொன்னதைச் சோதிக்க, 4-க்கு 4 என 8 கோப்பைகளைக் கலைத்து வைக்கும் திட்டத்தை ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் வெளியான தன் சோதனை வடிவமைப்பு நூலில் விளக்குகிறார். அதில் வரும் 70-இல் 1-உம் இதே 70-இல் 1-தான்.

இந்த 5 சதவீதம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. மூன்று துண்டுகளையும் ஒரே டம்ளரில் போட்டால் அது மூன்று சோதனை ஆகாது. அந்த டம்ளரில் திரவம் 10 மி.லி.-க்குப் பதில் 12 மி.லி. விழுந்திருந்தால் மூன்றும் ஒன்றாகப் பிழைபடும். 3 துண்டு, 1 டம்ளர் என்றால் சோதனை 1. ஆகவே 105 துண்டுக்கு 105 டம்ளர். பல குறிப்பேடுகளில் "மூன்று முறை செய்தோம்" என்று எழுதியிருப்பது, கேட்டுப் பார்த்தால், ஒரே டம்ளரில் மூன்று துண்டு முக்கியதாகவே இருக்கும். குறை மாணவருடையது அல்ல. டம்ளரை எண்ணச் சொல்லித்தர நாம் தவறிவிட்டோம்.

ஐந்தாவது வகைக்கு வருகிறேன். தேயிலைக்குப் பதில் மஞ்சள் கறை பிடித்த துண்டு ஒன்றைச் சலவை நீரில் போட்டுப் பாருங்கள். வெளுக்கும் முன் அது சட்டென்று செங்கல் நிறமாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் வரும் அதே சிவப்பு. காரணம் குளோரின் அல்ல, சலவை நீரில் உள்ள காரம். தேயிலைக் கறையும் காரத்தில் கருமை கூடும். அப்படியானால் சலவை நீரை வெறும் நீரோடு மட்டும் ஒப்பிடும்போது இரண்டு வேறுபாடுகள் ஒன்றாகக் கலக்கின்றன: குளோரின் ஒன்று, காரம் ஒன்று. இவற்றைப் பிரிக்க, குளோரின் இல்லாமல் காரம் மட்டும் உள்ள சலவைச் சோடா நீர் வேண்டும். குழுவுக்கு 3 துண்டு, வகுப்புக்கு 21 துண்டு. இந்த வகை இல்லாமல் 84 துண்டுக்கு 25 செ.மீ. துணி போதும், இதைச் சேர்த்தால் 30 செ.மீ. காரமா குளோரினா என்ற கேள்விக்கு விடை 5 செ.மீ. துணியில் கிடைக்கிறது.

நேரக் கணக்கில்தான் பெரும்பாலான சோதனைகள் சரிகின்றன. ஒரு மாணவர் 15 துண்டுகளை 10 விநாடிக்கு ஒன்றாகப் போட்டால், கடைசித் துண்டு முதல் துண்டைவிட 140 விநாடி தாமதமாக நீரில் இறங்கும். 10 நிமிடம், அதாவது 600 விநாடி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால், முதலாவது 600 விநாடி ஊறியது, கடைசியது 460 விநாடி. வேறுபாடு 23.3 சதவீதம். அதிலும் செறிவு கூடிய டம்ளரிலிருந்து தொடங்கிப் போட்டிருந்தால் அதிகச் செறிவுக்கே அதிக நேரமும் கிடைத்திருக்கும். விளைவு எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. தீர்வுக்குச் செலவில்லை. சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள். போட்ட வரிசையிலேயே, அதே 10 விநாடி இடைவெளியில் எடுங்கள். எடுத்தவுடன் அலசுங்கள். அலசாமல் தட்டில் வைத்த துண்டு ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு பாடவேளை 45 நிமிடம் என்று கொண்டால், விளக்கம் 5, அளந்து ஊற்றுவது 12, போட்டு முடிக்க 2½, ஊற 10, எடுத்து அலச 6 என்று 35½ நிமிடம் போய்விடும். மீதி 9½ நிமிடத்தில் நிறத்தைப் பார்த்து எழுதலாம் என்று தோன்றும். எழுதக் கூடாது. ஈரத் துணி உலர்ந்த துணியைவிடக் கருமையாகத் தெரியும். பிழிந்த அளவுக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் வேறு வேறாகத் தெரியும். நிழலில் உலர்த்தி மறுநாள் பார்க்க வேண்டும். ஆக இது 2 பாடவேளை, 90 நிமிடச் சோதனை. பள்ளிகள் இதைச் சுருக்குவது பணத்தால் அல்ல, அந்த இரண்டாம் பாடவேளையால் என்பதே என் கணிப்பு.

மறுநாள் துண்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் இட்ட குறியெண் மட்டும் இருக்கும். ஒரு குழுவின் துண்டுகளை அடுத்த குழு பார்க்கும். எது எந்த நீரில் ஊறியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. மூவர் தனித்தனியே 15 துண்டுகளையும் கருமையிலிருந்து வெளுப்பு நோக்கி வரிசைப்படுத்தி 1 முதல் 15 வரை எண் இடுவார்கள். குழுவுக்கு 45 எண்கள், வகுப்புக்கு 315. ஒவ்வொருவர் நிரலையும் கூட்டினால் 120 வர வேண்டும். வராவிட்டால் எழுதியதில் பிழை. இந்த 315 கட்டங்களில் என்ன எண் வரும் என்று நான் இங்கே எழுதவில்லை. அவை மாணவர்கள் நிரப்ப வேண்டியவை. ஆசிரியரும் முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது நல்லது.

வகுப்பு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு மாறும். ஒவ்வொரு குழுவிலும் 1.0 சதவீதத் துண்டுகளின் சராசரி எண் சோடா நீர்த் துண்டுகளைவிட உயர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். விளைவே இல்லாத நிலையில் 7 குழுக்களும் "ஆம்" சொல்லும் வாய்ப்பு 128-இல் 1: 0.8 சதவீதம். ஒரு குழு மட்டும் "இல்லை" சொன்னாலும், குறைந்தது 6 "ஆம்" தற்செயலாக வரும் வாய்ப்பு 128-இல் 8: 6.25 சதவீதம். ஒரு குழுவின் கவனக்குறைவு வகுப்பின் முடிவை எட்டு மடங்கு பலவீனமாக்குகிறது. அதற்காக அந்தக் குழுவின் எண்ணை அழித்துவிடக் கூடாது. குறிப்பேட்டில் அப்படியே இருக்க வேண்டும்.

இதே பொருளும் இதே ஒப்பீட்டு முறையும் உயிர் காத்த கணக்கு ஒன்று உண்டு. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். 1846-இல் மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் 4,010 பிரசவம், 459 தாய்மார் மரணம்: 11.4 சதவீதம். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவம், 105 மரணம்: 2.8 சதவீதம். இரண்டாம் பிரிவு இல்லாமலிருந்தால் 11.4 என்பது விதி என்றே எண்ணியிருப்பார்கள். பிணப் பரிசோதனை அறையிலிருந்து வருபவர்கள் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என்று 1847 மே நடுவில் அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் கட்டளையிட்டார். முதலில் பயன்படுத்திய திரவம் விலை கூடுதலாக இருந்ததால் பிறகு சலவைத்தூளுக்கு மாறினார். ஏப்ரலில் 312 பிரசவத்தில் 57 மரணம், 18.3 சதவீதம், ஜூனில் 268-இல் 6, 2.2 சதவீதம். 1848 முழு ஆண்டில் முதல் பிரிவு 1.27 சதவீதம், இரண்டாம் பிரிவு 1.34 சதவீதம். இடைவெளி மறைந்தது.

எச்சரிக்கைக்கும் ஓர் எண் போதும். 10 மி.லி. சலவைத் திரவத்தில் கிடைக்கும் குளோரின் 0.5 கிராம். அதில் கழிப்பறை கழுவும் அமிலம் போதிய அளவு கலந்தால் சுமார் 170 மி.லி. குளோரின் வாயு வெளியாகும். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள மூடிய வகுப்பறையில், 1,08,000 லிட்டர் காற்றில், அது சீராகப் பரவினாலும் 10 லட்சத்தில் 1.6 பங்கு. வேலையிடத்தில் எந்த 15 நிமிடத்திலும் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 0.5 பங்கு. இரண்டு தேக்கரண்டி அளவே மூன்று மடங்கு தாண்டுகிறது. வகுப்பின் 367.5 மி.லி. முழுவதிலும் அமிலம் கலந்தால் சுமார் 59 பங்கு; உயிருக்கு உடனடி ஆபத்து என்று அதே நிறுவனம் குறிக்கும் அளவு 10 பங்கு. எனவே சோதனை நடக்கும் அறையில் எலுமிச்சை, வினிகர் உட்பட எந்த அமிலமும் இருக்கக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். திரவத்தை அளந்து ஊற்றுவது கையுறையும் கண்ணாடியும் அணிந்த ஆசிரியர் மட்டுமே. சிறு வகுப்பென்றால் குளோரினைத் தவிர்த்து, மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று விற்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை நீர்க்கச் செய்து பயன்படுத்தலாம். வெளுக்க நேரம் கூடும். மிஞ்சுவது நீரும் ஆக்சிஜனும்.

செலவு. விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஓர் அனுமானம்: துணி மீட்டருக்கு 100 ரூபாய், காகித டம்ளர் ஒன்று 1 ரூபாய், சலவைத் திரவம் லிட்டருக்கு 100 ரூபாய். துணி 30 ரூபாய், டம்ளர் 105 ரூபாய், திரவம் 36.75 ரூபாய், மொத்தம் 171.75 ரூபாய்; மாணவருக்கு 4.91 ரூபாய். தேயிலையும் சோடாவும், கழிவிலுள்ள குளோரினை முறிக்கும் ஹைப்போ உப்பும் பள்ளியில் இருப்பவை என்று கொண்டு சேர்க்கவில்லை. 61 சதவீதச் செலவு டம்ளருக்கு. துணிக்கு 17 சதவீதம்தான். பணம் குறைவென்றால் குழுவுக்கு வகைக்கு 1 துண்டு என்று 35 துண்டு, 35 டம்ளரில் செய்யலாம்: 57.25 ரூபாய், மாணவருக்கு 1.64 ரூபாய். அப்போதும் 7 குழுக்களைச் சேர்த்துப் பார்க்கும் 128-இல் 1 என்ற வலு மாறாது. ஆனால் தன் கை எவ்வளவு தடுமாறுகிறது என்பதை எந்தக் குழுவும் தானே அறிய முடியாது. ஒரே நீரில் ஊறிய மூன்று துண்டுகள் மூன்று விதமாக வெளுத்திருப்பதைப் பார்க்கும் பாடம் போய்விடும். அந்தப் பாடத்தின் விலை மாணவருக்கு 3.27 ரூபாய். என் தீர்ப்பு, அதைக் கொடுக்கலாம் என்பதே.

கழிவையும் கணக்கில் எழுத வேண்டும். 105 டம்ளரில் 5.25 லிட்டர், துண்டுக்கு 100 மி.லி. வீதம் அலசிய நீர் 10.5 லிட்டர், மொத்தம் 15.75 லிட்டர். உள்ளே சென்ற குளோரின் 18.4 கிராம், ஒன்றும் செலவாகவில்லை என்று கொண்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 1,170 மி.கிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு 5 மி.கிராம். ஆய்வகத்தில் உள்ள ஹைப்போ உப்பு இதை முறிக்கும்: 1 கிராம் குளோரினுக்குக் கூடிய பட்சம் 7 கிராம், மொத்தம் சுமார் 129 கிராம். வெளுக்க 56 கிராம் தூள், அதை முறிக்க 129 கிராம் உப்பு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுக்குக் கணக்கு எழுதும் நிரல் பள்ளிக் குறிப்பேட்டிலேயே தொடங்கட்டும்.

108-இல் 105 போக 3 துண்டுகள் மிஞ்சும். தூக்கி எறிந்துவிடாதீர்கள். கறையோடு, எந்த நீரிலும் முக்காமல், வெளிச்சம் படாத உறையில் போட்டு, தேயிலையின் அளவும் தேதியும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பு தன் கறை இந்த ஆண்டுக் கறைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.